பச்சை மை கேட்ட மூன்று கேள்விகள்

எங்கள் மாலை வகுப்பில் யாருக்கும் பெயர் கிடையாது. முதல் நாள் எந்தச் சாமானைத் தூக்கிக்கொண்டு வந்தோமோ அதுதான் பெயர். நான் அக்காவின் இஸ்திரிப் பெட்டியைப் பழைய துண்டில் சுற்றிக் கொண்டுபோனேன். அன்றிலிருந்து நான் இஸ்திரி. ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் மேசை விசிறியோடு வந்தார், அவர் ஃபேன். துணி தைக்கும் அம்மா ஒருவர் தையல் மெஷினின் மோட்டாரை மட்டும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். அவர் மோட்டார் அம்மா. மருந்துக்கடைக்காரர் ஒருவருக்குக் கெட்டில் என்று பெயர். அவர் சட்டென்று கொதிக்கிறவர் என்பது பிறகுதான் தெரிந்தது. இப்படி மொத்தம் பதினொரு பேர்.

கற்றுக்கொடுப்பவர் டெஸ்டர் அக்கா. நாற்பது வயது இருக்கும். கொண்டையில் ஊசிக்குப் பதிலாக டெஸ்டரைச் செருகியிருப்பார். ஒரு வயரில் கரண்ட் வருகிறதா என்று பார்க்க அதை உருவுவார், பார்த்ததும் திரும்பச் செருகிக்கொள்வார். பகலில் எங்கேயோ வேலை பார்க்கிறார் என்று தெரியும். எங்கே என்று நான் கேட்டதில்லை. அவரும் என்னைக் கேட்டதில்லை. செவ்வாயும் வியாழனும் மாலை ஆறரையிலிருந்து எட்டு வரை, தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே உள்ள பொதுக்கூடத்தின் பின்னறையில், சாமான்களைப் பற்றிப் பேசவே எங்களுக்கு நேரம் போதாது.

அந்தக் கூடத்தில் கண்டிப்பான விதி ஒன்று உண்டு. பழுது பார்த்த எதையும் மெக்கர் வைத்துச் சோதிக்காமல் பிளக்கில் செருகக் கூடாது. மெக்கர் என்பது கைப்பிடி வைத்த, கனமான சின்னப் பெட்டி. அதன் ஒரு கம்பியைச் சாமானின் உள்வயரிலும் மற்றதை வெளித்தகட்டிலும் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால், உள்ளே ஓடும் மின்சாரம் வெளியே கசியுமா என்று முள் சொல்லிவிடும். முள் மேலே ஏறினால் பிழைத்தோம். கீழேயே படுத்திருந்தால் தொடுகிறவருக்கு அடிக்கும். என் இஸ்திரிப் பெட்டியின் முள் நான்கு மாதமாகப் படுத்துத்தான் கிடந்தது.

வீட்டில் அக்கா அதை மறக்கவிடவில்லை. "நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் புதுசு நாலு வாங்கியிருப்பேன்டா" என்பாள். ஆனால் வாங்கவில்லை. மாமா தன் சட்டைகளைத் தண்ணீர் தெளித்து மெத்தைக்கடியில் வைத்துப் படுத்து, காலையில் எடுத்துப் போட்டுக்கொண்டு அலுவலகம் போனார். முன்பக்கம் பரவாயில்லை, முதுகில்தான் மெத்தையின் தையல் அப்படியே பதிந்திருக்கும்.

நான் வேலை பார்ப்பது பல்கலைக்கழகத்தின் பணியாளர் பிரிவில். சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. இன்னும் நிரந்தரம் இல்லை. என் மேசைக்கு வருவது வெளிவேலைப் படிவம். பல்கலைக்கழகத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒருமுறை அதை நிரப்பித் தர வேண்டும். வெளியே வேறு வேலை செய்கிறீர்களா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், பல்கலைக்கழகத்தின் பொருள் எதையாவது அதற்கு எடுத்துப் போகிறீர்களா என்று கேள்விகள் போகும். ஐந்தாவது கேள்வி: அந்த வெளிவேலையில் உங்களிடம் படிப்பவராக, அல்லது உங்களால் மதிப்பிடப்படுபவராக, இங்கே பணிபுரியும் வேறு யாராவது உண்டா? ஒருவரே இரண்டு நாற்காலியில் உட்கார்ந்தால் எந்த நாற்காலியிலிருந்து பேசுகிறார் என்பது அவருக்கே தெரியாமல் போகலாம். அதற்காகத்தான் இத்தனை கேள்விகள். வெளியே ஒன்றுமே செய்யாதவரும் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

ஒரு படிவத்துக்குப் பன்னிரண்டு இடங்களில் சரிபார்த்துக் குறி போடுவேன். பன்னிரண்டும் விழுந்தால் 'சரி' அடுக்கு. ஒன்று குறைந்தாலும் கேள்வி எழுதித் திருப்பி அனுப்பிவிடுவேன். ஒரு பேராசிரியர் வெளிவேலை என்ற இடத்தில் 'கணவனாக இருப்பது' என்றும், மணி நேரம் என்ற இடத்தில் 'எப்போதும்' என்றும் எழுதியிருந்தார். சிரிப்பு வந்தது, இருந்தாலும் திருப்பித்தான் அனுப்பினேன். எல்லோரும் நீலத்திலும் கறுப்பிலும் எழுதுவதால் என் கேள்விகள் தனியாகத் தெரியட்டும் என்று பச்சைப் பேனா வைத்துக்கொண்டேன். அது கொஞ்சம் அதிகமோ என்று வாங்கிய அன்றே தோன்றியது. கடையில் திருப்பித் தரக் கூச்சமாக இருந்தது.

இன்னொரு தலைவலியும் இருந்தது. சம்பளப் பிரிவின் கணக்குப்படி பணியாளர்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். அலமாரியிலுள்ள கோப்புகளைப் பார்த்து நான் கையால் எழுதிய பட்டியலில் அறுநூற்றுப் பதினொன்று. இரண்டு வாரமாக அந்த ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன். துறை துறையாக எண்ணினேன், பின்பக்கமிருந்து எண்ணினேன். தவறு என் எண்ணிக்கையில்தான் இருக்கும் என்று நினைத்தேன். எனக்கு எப்போதும் முதலில் அப்படித்தான் தோன்றும்.

இந்த நிலையில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. டெஸ்டர் அக்கா பத்து நிமிடம் தாமதமாக வந்து பையைத் தொப்பென்று மேசையில் போட்டார். உள்ளிருந்து மெக்கரை எடுத்து வைத்தார். அதன் பிறகு நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார்.

"மூணாவது தடவையா திருப்பி அனுப்பிட்டான்" என்றார். "எங்க ஆபீஸ்ல ஒரு பச்சை மை இருக்கான். ஆளை நான் பாத்ததில்ல. பெரிய துரைன்னு நினைப்பு."

என்ன அனுப்பினான், எதைத் திருப்பினான் என்று ஃபேன் கேட்டார். அக்கா விளக்கினார். தான் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பதையும், இந்த வகுப்பு எடுப்பதற்கு வருடா வருடம் அங்கே அறிவித்து அனுமதி வாங்குவதையும், ஆறு வருடமாக ஒரு தொந்தரவும் இல்லாமல் இருந்ததையும் சொன்னார். பிறகு தாளைக் கண்ணருகே பிடித்து, ஆள் எப்படி இருப்பான் என்று அவராகக் கற்பனை செய்த ஒரு மூக்கடைத்த குரலில் வாசித்தார்.

"இரண்டாம் பக்கத்தில் கையெழுத்துக்கு அருகே தேதி இல்லை. சரின்னு தேதி போட்டு அனுப்பினேன். அடுத்த வாரம் வருது: தேதி உள்ளது, ஆனால் முதல் பக்கத் தேதியோடு பொருந்தவில்லை."

அறை முழுக்கச் சிரிப்பு. மாப்பிள்ளை வீட்டார்கூட இவ்வளவு துருவ மாட்டார்கள் என்றார் மோட்டார் அம்மா. அந்தப் பயல் கையில் ஒரு லைவ் வயரைக் கொடுக்க வேண்டும் என்றார் கெட்டில்.

நானும் சிரித்தேன். அன்றைய நாட்குறிப்பில் அதைத் தனி வரியாகவே எழுதியிருக்கிறேன்: நானும் சிரித்தேன். தாளின் பின்பக்கத்தில் பச்சை ஊறித் தெரிந்தது. அந்தச் சுழி என் சுழி. 'தேதி'யின் இரண்டாவது எழுத்தை நான்தான் அப்படி வால் நீட்டி எழுதுவேன்.

மூன்றாவது கேள்விக்கு வந்தபோது அக்காவின் குரலில் விளையாட்டுப் போய்விட்டது. பல்கலைக்கழகப் பொருள் எடுக்கிறீர்களா என்ற இடத்தில் அவர் ஒளிக்காமல் 'ஆம், மெக்கர் ஒன்று' என்று எழுதியிருக்கிறார். நான் கேட்டிருந்தது இது: எந்த நாளில் எடுத்துச் செல்லப்படுகிறது, எப்போது திரும்பி வருகிறது, யார் அனுமதித்தது?

அனுமதித்தவர் ஆறு வருடத்துக்கு முன் இருந்த பேராசிரியர். எடுத்துக்கொண்டு போம்மா என்று நடைபாதையில் வாயால் சொன்னதுதான். அவர் ஓய்வு பெற்று ஊரை விட்டே போய்விட்டார். காகிதம் ஒன்றும் இல்லை.

"உள்ளதை அப்படியே எழுதிட்டேன், காலையில அனுப்பணும்" என்றார் அக்கா. "தர முடியாதுன்னு சொல்லிட்டா மெக்கர் இல்ல. மெக்கர் இல்லன்னா இந்த ரூமை நமக்குத் தர மாட்டாங்க. அவ்வளவுதான், வகுப்பு முடிஞ்சுது."

ஃபேன் தன் விசிறியின் இறக்கையைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். அது நிற்கும்வரை எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் ஒரே கேள்விதான் என் தலைக்குள் ஓடியது. அந்தப் படிவத்தை மூன்று முறை கையில் வாங்கியிருக்கிறேன். இயற்பியல் துறை, மாலை வகுப்பு, செவ்வாய், வியாழன், கிழக்கு வட்டப் பொதுக்கூடம் என்று எல்லாம் அதில் இருந்திருக்கும். எனக்கு எப்படித் தெரியாமல் போனது? அக்காவின் பெயரே எனக்குத் தெரியாது என்பது உண்மை. நாங்கள் தண்ணீர்த்தொட்டி ஹால் என்று சொல்லும் இடத்துக்குக் கிழக்கு வட்டப் பொதுக்கூடம் என்று ஒரு பெயர் இருப்பதும் உண்மை. ஆனால் சரியான காரணம் வேறு. பன்னிரண்டு கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்றுதான் பார்த்தேன். அவற்றில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. 'ஆம்' என்றிருந்தால் வழக்கமாகக் கேட்கும் கேள்வியை எழுதினேனே தவிர, பக்கத்திலிருந்த மெக்கர் என்ற சொல்லைக்கூடப் படிக்கவில்லை.

புதன் மதியம் படிவம் என் மேசைத் தட்டுக்கு நான்காவது முறையாக வந்தது. மூன்றாவது கேள்விக்கு அடியில் டெஸ்டர் அக்காவின் பதில் இருந்தது. வாயால் கிடைத்த அனுமதி, ஆறு வருடம், செவ்வாய் மாலை எடுத்துப் புதன் காலை திரும்ப வைப்பது, வியாழனும் வெள்ளியும் அதேபோல என்று ஒன்றுவிடாமல் எழுதியிருந்தார். இந்த முறை கட்டங்களை விட்டுவிட்டு மேலிருந்து கீழே வரிவரியாகப் படித்தேன். ஐந்தாவது கேள்வியில் நின்றேன். உங்களிடம் படிப்பவராக இங்கே பணிபுரியும் யாராவது உண்டா? 'இல்லை' என்று எழுதியிருந்தார். அவருக்குத் தெரிந்த வரையில் அது உண்மைதான். அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

என்னால் அதை அங்கேயே முடித்திருக்க முடியும். பன்னிரண்டாவது குறியைப் போட்டு 'சரி' அடுக்கில் வைத்தால் போதும். பிரிவுத் தலைவரான செக்‌ஷன் சார், நான் குறி போட்டதைப் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார். அவ்வளவு நம்பிக்கை. மெக்கர் பிழைக்கும், வகுப்பு பிழைக்கும், மாமாவின் முதுகுகூடப் பிழைக்கும். இன்னொரு பக்கம், மெக்கருக்கு எழுத்தில் அனுமதி இல்லை என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கிறது. வேறு யாருடைய படிவமாக இருந்தாலும் நான் அதைச் சும்மா விட்டிருக்க மாட்டேன். அப்படியானால் நான்காவது முறையும் திருப்பி அனுப்புவதா? அனுப்பினால் அது நேர்மையா, இல்லை நான் நேர்மையானவன் என்று எனக்கே காட்டிக்கொள்வதா? நோட்டில் நடுவே கோடு போட்டு இரண்டு பக்கமும் காரணங்களை எழுதினேன். இரண்டு பக்கமும் ஏழேழு வந்தன. எப்படி முடிவெடுத்தாலும் அதை எடுத்தது இஸ்திரியா பச்சை மையா என்று எனக்கே தெரியாது என்பது மட்டும் அப்போது புரிந்தது.

படிவத்தை, தாள் பறக்காமல் வைக்கும் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வியாழன் காலை, மனம் மாறுவதற்கு முன் செக்‌ஷன் சாரின் அறைக்குப் போய் நின்றேன்.

"சார், இந்தப் படிவத்தை நான் பாக்கக் கூடாது."

"ஏன், கண் வலிக்குதா?"

சொன்னேன். மாலை வகுப்பை, அக்காவை, மெக்கரை, ஐந்தாவது கேள்வியை. பெட்டியைச் சரிசெய்து முடித்ததும் எனக்குச் சான்றிதழுக்கு மதிப்பெண் போடப்போவதும் அக்காதான் என்பதையும் சொன்னேன். சார் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். கடைசியில்தான் நாற்காலியைத் திருப்பினார்.

"இதை எத்தனை தடவை திருப்பி அனுப்பினே?"

"மூணு சார்."

"தெரிஞ்சா, தெரியாமயா?"

"தெரியாமதான்."

"வாத்தியாரையே மூணு தடவை பெயிலாக்கியிருக்கே. வேண்டியவங்களுக்குச் சலுகை காட்டினேன்னு உன்மேல எவன் சொல்லப்போறான்?"

சிரித்து முடித்த பிறகு காரியத்துக்கு வந்தார். படிவம் இனி விடுப்பு மேடத்திடம் போகும். விடுப்பு விண்ணப்பங்களைப் பார்க்கும் அவர் என் பக்கத்து மேசைக்காரர். நான் அதைத் தொடக் கூடாது, பார்க்கக் கூடாது, என்ன ஆயிற்று என்று கேட்கக் கூடாது. வகுப்புக்குப் போவதை நிறுத்த வேண்டுமா என்று கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் இரவெல்லாம் பயந்திருந்தேன். நீ படிக்கிறதை நிறுத்தச் சொல்ல நான் யார், மதிப்பெண்ணை மட்டும் வேறு யாராவது போடட்டும் என்றார்.

"இதையெல்லாம் உன் படிவத்துல எழுதிடு."

"என் படிவமா?"

அவர் மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்து, நிரந்தரம் ஆகாதவர்களின் கோப்பு தன்னிடம்தான் இருக்கும் என்று சொல்லியபடி, ஒரே ஒரு மெல்லிய கோப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். அதன்மேல் என் பெயர் இருந்தது.

அறுநூற்றுப் பன்னிரண்டு. அலமாரியில் இல்லாத அந்தக் கோப்பு. இரண்டு வாரமாக நான் எண்ணிக்கொண்டிருந்த நாற்காலியிலேயே அந்த ஆள் உட்கார்ந்திருந்திருக்கிறான்.

அன்று மாலை வகுப்புக்கு முதல் ஆளாகப் போனேன். அக்காவிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்று திட்டம். ஆனால் அக்கா வரும்போதே மோட்டார் அம்மாவும் ஃபேனும் கூட வந்தார்கள், கெட்டில் ஏற்கெனவே உள்ளே இருந்தார். இனித் தள்ளிப்போட்டால் எட்டு மணி ஆகிவிடும். எழுந்து நின்றேன்.

"அக்கா, அந்தப் பச்சை மை நான்தான்."

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. கெட்டில்தான் முதலில் புரிந்துகொண்டு, தான் லைவ் வயர் பற்றிச் சொன்னது நினைவுக்கு வந்ததுபோலத் தன் வேலைக்குள் குனிந்துகொண்டார். அக்கா கொண்டையிலிருந்து டெஸ்டரை உருவினார். என்மேல் வைத்துப் பார்க்கப்போகிறாரோ என்றிருந்தது.

"பச்சை மை நீயா?"

"ஆமாக்கா."

"செவ்வாக்கிழமை நான் படிச்சப்போ நீயும் சிரிச்சியே."

"சிரிச்சேன்."

நடந்ததைச் சொன்னேன். படிவம் இப்போது வேறொருவரிடம் இருப்பதையும், காலையில் மேலதிகாரியிடம் நானே போய்ச் சொன்னதையும். அக்காவின் முகம் அங்கேதான் மாறியது.

"முதல்ல என்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கலாமே? நாலு மாசமா இங்க உக்காந்திருக்கே."

"உங்ககிட்ட முதல்ல சொல்லியிருந்தா, என்ன எழுதணும்னு நானே உங்களுக்குச் சொல்லிக்குடுத்த மாதிரி ஆயிடும்க்கா. அப்புறம் அந்தப் படிவத்துல இருக்கறது உங்க பதிலா என் பதிலான்னு தெரியாது."

அவர் டெஸ்டரால் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தார். பத்துப் பன்னிரண்டு தட்டு இருக்கும். எண்ண ஆரம்பித்து, எண்ணக் கூடாது என்று நிறுத்திக்கொண்டேன்.

"மூணாவது கேள்வி நியாயமானது" என்றார் கடைசியாக. "முதல் ரெண்டும் அதிகப்பிரசங்கித்தனம்."

"ஆமாக்கா."

"உக்காரு. பெட்டியோட காயிலைக் கழட்டு."

மெக்கரை அன்று அவர் பையிலிருந்து எடுக்கவே இல்லை. பதில் வரும்வரை அது ஆய்வுக்கூடத்திலேயே இருக்கட்டும், எழுத்தில் வந்த பிறகு எடுத்து வருகிறேன் என்று அவராகவே சொன்னார். அதன்பின் மூன்று வாரம் நாங்கள் எதையும் பிளக்கில் செருகவில்லை. கழற்றினோம், துடைத்தோம், வயரை மாற்றினோம், மூடினோம், ஒரு சீட்டு ஒட்டிச் சுவர் அலமாரியில் வைத்தோம். கூடத்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, மெக்கர் இல்லாமல் மாதக்கடைசிக்கு மேல் அறையைத் தர முடியாது என்று சொல்லிப் போனார்கள். அலமாரியில் விசிறி, மோட்டார், கெட்டில் என்று பதினொரு சாமான்களும் வரிசையாக, மருத்துவமனையில் பெயர் கூப்பிடக் காத்திருப்பவர்கள்போல உட்கார்ந்திருந்தன. ஃபேன் மட்டும் போகும்போது தன் சாமானைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார்.

அலுவலகத்தில் எனக்கு இன்னும் கஷ்டம். விடுப்பு மேடம் அந்தப் படிவத்தை எடுக்கும்போதெல்லாம், பரீட்சையில் பக்கத்துப் பிள்ளை பார்க்காமல் மறைப்பதுபோல இடது கையால் அணை கட்டிக்கொள்வார். வேண்டுமென்றே என் பக்கம் பார்த்து "ம்ம்" என்பார். ஒருநாள் தொலைபேசியில் யாரிடமோ மெக்கர் என்று சொல்வது காதில் விழுந்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அன்று அவர் அதே சொல்லை ஆறு முறை சொன்னார். நானும் ஆறு தம்ளர் குடித்தேன்.

ஒரு காலை அவர் நாற்காலியை உருட்டிக்கொண்டு என்னிடமே வந்தார்.

"படிவத்தைப் பத்தி இல்ல, பொதுவா கேக்கறேன். உன்னை யாராவது இஸ்திரின்னு கூப்பிடறாங்களா?"

டெஸ்டர் அக்கா ஐந்தாவது கேள்விக்குப் பதிலைத் திருத்தி எழுதி அனுப்பியிருக்கிறார். 'ஆம். ஒருவர். இஸ்திரி.' பெயர் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவருக்குத் தெரிந்த பெயர் அதுதான். மதியத்துக்குள் பணியாளர் பிரிவு முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது. செக்‌ஷன் சார்கூட "இஸ்திரி, அந்தக் கோப்பைக் கொண்டா" என்றார். எனக்கு அதில் வருத்தம் வரவில்லை என்பதைக் கவனித்தேன்.

மூன்றாவது வாரம் வியாழன். ஆறரை ஆகியும் அக்கா வரவில்லை. ஆறு நாற்பதுக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. உள்ளே வந்தவர் பையைத் திறந்து மெக்கரை எடுத்து மேசை நடுவில் வைத்தார். மோட்டார் அம்மா சேலைத் தலைப்பால் அதன் கண்ணாடியைத் துடைத்தார்.

முடிவு நீல மையில் ஐந்தே வரி. ஆய்வுக்கூடத்தில் எடுப்பு நோட்டு ஒன்று வைக்க வேண்டும். மெக்கர் போகும்போதும் வரும்போதும் அதில் இன்றைய துறைத்தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். ஆய்வுக்கூடத்துக்குத் தேவைப்படும் நாளில் வெளியே போகாது. வகுப்பில் படிக்கும் பல்கலைக்கழகப் பணியாளரை வேறொருவர் மதிப்பிட வேண்டும். மற்றபடி ஆட்சேபம் இல்லை.

"ஆறு வருசமா இதை எடுத்துட்டு வரும்போதெல்லாம் கேட் பக்கம் வந்ததும் வாட்ச்மேனுக்குத் தெரியாம பையை இந்தப் பக்கம் மாத்திப் பிடிப்பேன்" என்றார் அக்கா. "இன்னைக்கு மாத்தல."

அலமாரியிலிருந்து சாமான்கள் ஒவ்வொன்றாக இறங்கின. விசிறிக்கு முள் ஏறியது. மோட்டாருக்கு ஏறியது. கெட்டிலுக்குப் பாதி ஏறி நின்றது. மருந்துக்கடைக்காரர் தன் பங்குக்குக் கொதித்தார்.

என்னுடையதை மட்டும் அக்கா தொடவில்லை. கூடத்தின் வயர்மேனைக் கூப்பிட்டிருந்தார். அவர் எனக்கு முன்பின் தெரியாதவர். எதற்கும் முகம் மாறாத ஆள். பெட்டியைக் கையில் எடுத்து முதலில் வயரைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். அது அரை விரல் வெளியே வந்தது. உள்ளே வயரை இறுக்கும் பட்டையை நான் சரியாக முடுக்கவில்லை. திருப்பித் தந்துவிட்டார். அந்தக் கணம், திருப்பி வாங்குகிறவருக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்தது. அக்கா சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பட்டையைக் கழற்றி மறுபடி முடுக்கினேன். இரண்டாவது முறை இழுத்தார், அசையவில்லை. கம்பிகளை மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினார். முள் ஒரு நொடி படுத்திருந்தது, பிறகு மெதுவாக எழுந்து உச்சிக்குப் போய் நின்றது. வயர்மேன் நூற்றுக்கு எழுபத்தொன்று போட்டார். அக்காவாக இருந்தால் எண்பது போட்டிருப்பார் என்று தோன்றியது. அந்த ஒன்பது எங்கிருந்து வந்திருக்கும் என்பதும் தோன்றியது.

வீட்டில் அக்கா பெட்டியை வாங்கி, அடித்துவிடுமோ என்று ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு மாமாவின் சட்டைகள் ஐந்தையும் கொண்டுவந்து போட்டாள். மாமா பக்கத்திலேயே நின்று, முதல் சட்டை சூடாக வந்ததும் வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இரண்டு நடை நடந்தார்.

நான் பையிலிருந்து என் படிவத்தை எடுத்தேன். அன்று மதியம் அது என் தட்டுக்குத் திரும்பி வந்திருந்தது. செக்‌ஷன் சார் என் மேசையிலிருந்த பச்சைப் பேனாவையே எடுத்து அதன் ஓரத்தில் எழுதியிருந்தார்: இரண்டாம் பக்கத்தில் கையெழுத்துக்கு அருகே தேதி இல்லை.

தேதியைப் போட்டேன். முதல் பக்கத் தேதியோடு பொருந்துகிறதா என்று ஒருமுறை பார்த்தேன். பையில் கிடந்து தாள் கசங்கிவிட்டிருந்தது. பெட்டியின் சூட்டைக் குறைத்து, மேலே ஒரு கைக்குட்டையை விரித்து, படிவத்தின் மேல் மெல்ல ஒரு தேய்ப்புத் தேய்த்தேன்.

"காகிதத்தையெல்லாமா தேய்ப்பாங்க?" என்றாள் அக்கா.

"இது ஒண்ணுதான்" என்றேன்.

மடிப்புகள் போய்விட்டன. காலையில் அதைக் கொண்டுபோய் அடுக்கின் மேல் வைத்து, கடைசியாக ஒருமுறை எண்ணினேன். அறுநூற்றுப் பன்னிரண்டு சரியாக இருந்தது.